மிசிஸ் கொலம்பைன்

மெல்பேர்ணில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரியை மரியாதைக்கு 'அவர்' என்று எழுதலாம். எழுபது வயது தாண்டியவள், புருஷனை இழந்தவள். ஆனாலும் மனம் வரவில்லை. அவள் என்றே எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதுகளின் நடுவில் கணவருக்கு அங்கே எஞ்சினியர் வேலை கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து போயிருந்தோம். அந்தத் தெருவில் எங்கள் நிறத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். போய் இரண்டாம் மாதம், அந்த ஊர் வசந்தகாலமான ஒக்டோபரில், இரண்டு வீட்டு முற்றத்துக்கும் நடுவிலிருந்த முன்மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கேட்டாள், கொலம்பைன் பிடிக்குமா என்று. அவளுடைய காலடியில் வெள்ளை வெளேரென்று அந்தப் பூக்கள் தலை கவிழ்ந்து நின்றன. நான் பூவைப் பார்க்கவில்லை. அந்த ஊர் ஆங்கிலம் விளங்கவேண்டுமே என்று அவளுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது 'கொலம்போ', எங்கள் கொழும்பு.

"இல்லை," என்றேன் என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில். "ஒரே வெக்கை. சனமும் கூட. நான் யாழ்ப்பாணம்."

அவள் ஒரு கணம் விழித்துவிட்டு, மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். அடுத்த கிழமை தேவாலய மண்டபத்துத் தேநீர் விருந்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே முப்பது பெண்களுக்கு முன்னால் என்னைப்போலவே பேசி, என்னைப்போலவே தலையை ஆட்டி, அந்தக் கதையைச் சொன்னாள். மண்டபமே சிரித்தது. நானும் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து என் பெயர் மிசிஸ் கொலம்பைன். இறைச்சிக் கடைக்காரன்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னால், அவருக்கும் சிரிப்பு.

"விடுமப்பா, பகிடிதானே."

பகிடியாம்! இரண்டு நாள் அவருக்கு வெறும் சோறும் பருப்பும்தான் கிடைத்தது.

ஆனால் அதே விருந்தில் அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அந்த வெள்ளைப் பூ, அவளுடைய தாய் இங்கிலாந்திலிருந்து கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த விதையில் வந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் தேவாலயப் பீடத்தை அந்தப் பூவால்தான் அலங்கரிப்பார்கள். பக்கத்தில் வேறு நிறக் கொலம்பைன் நின்றால் தேனீ இரண்டையும் கலந்துவிடும், பிறகு அந்த விதையில் வெள்ளை வராது. அதனால் இந்தத் தெருவில் ஒருவரையும் வேறு நிறம் வைக்க விட்டதில்லை என்று பெருமையடித்தாள். கத்தியைத் தீட்டி என் கையில் தந்துவிட்டாள். சும்மா விடுவேனா?

குசினியில் கறி கிளறியபடி 'கொலம்பைன், கொலம்பைன்' என்று சொல்லிப் பழகினேன். அடுத்த குளிர்காலம் முடியமுன் நாற்றுக்கடைக்குப் போய், ஒரு பிழையுமில்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லி, இருப்பதிலேயே கடும் ஊதாவில் பத்துக் கன்று வாங்கினேன். பின்வேலியோரம், கார்க் கொட்டகையின் நிழலில் நட்டேன். அந்தப் பலகை வேலி அவளைவிட உயரம். என் வீட்டுப் படலைக்குள் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. முன்பக்கம் வழக்கம்போல் மிளகாய்ச் செடியும் பயிற்றங்காய்க் கொடியும் நின்றன.

அந்தப் பத்தையும் நான் வளர்த்த வளர்ப்பைப் பார்த்திருக்கவேண்டும். கொலம்பைனுக்கு வெயில் ஆகாது. அங்கே கோடையான ஜனவரி வெக்கையில் கணவர் இடுப்பில் உடுத்த பழைய சாரத்தைக் கட்டி நிழல் கொடுத்தேன். தேயிலைச் சக்கையைக் காயவைத்து அடியில் போட்டேன். ஒரு புழு இலைக்குள் புகுந்து வெள்ளைக் கோடு கிறுக்கும். அந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தேன். நட்ட முதல் வசந்தத்திலேயே, அந்த வெக்கைக்கு முன்னமே, பூத்துவிட்டன. ஒரு தேனீ ஊதாப் பூவுக்குள் புகுந்து, வெளியே வந்து, வேலிக்கு மேலால் பறந்தது.

"போட்டு வா," என்றேன் அதற்கு.

விதை முளைத்துப் பூக்க ஒன்றரை வருடம் வேண்டும். எனக்கு அவசரமில்லை. அவளுடைய பழைய தாய்ச்செடிகள் வயதாகி ஒவ்வொன்றாகச் செத்தன. விழுந்த விதையில் முளைத்த புதியவை மொட்டு விட்டன. ஒரு காலை குசினி யன்னலால் பார்த்தேன். அழுக்கு ஊதா, சிவந்த ஊதா, வெளிறிய ஊதா. ஒரு வெள்ளைகூட இல்லை. அவள் முழங்காலில் இருந்து எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினாள். அந்த வருடம் பீடத்தில் கடையில் வாங்கிய பூவாம். நான் பாயாசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கணவர் கேட்டார். சும்மா என்றேன்.

இலையுதிர்காலத்தில் அவள் மதிலடிக்கு ஒரு கடித உறையோடு வந்தாள். நிறம் கலப்பதற்கு முந்திய வெள்ளை விதை, அவளிடம் மிஞ்சியிருந்த அவ்வளவும் அதற்குள் இருந்தது. என் நிலம் முழுக்கக் கலப்பு விதை விழுந்து கெட்டுவிட்டது, உன் முற்றத்தில் மிளகாயும் பயிற்றங்காயும்தானே, அங்கே இது சுத்தமாக வளரும், எனக்காக முளைக்க வைப்பாயா என்று கேட்டாள். உண்மையைச் சொல்கிறேன், என் மனம் இளகத்தான் செய்தது. பின்வேலியோரச் செடிகளைப் பிடுங்கிவிடுவோமா என்றுகூட நினைத்தேன். உறையை வாங்கிக்கொண்டேன்.

"நன்றி, மிசிஸ் கொலம்பைன்," என்றாள்.

உள்ளே போய்த் தாச்சியை அடுப்பில் வைத்தேன். விதைகள் கறுப்பாக, மினுமினுவென்று, கடுகு மாதிரித்தான் இருந்தன. கடுகு வறுக்கிற மாதிரியே வறுத்தேன். ஆறவிட்டு, ஒரு சட்டியில் நல்ல மண் போட்டு, அவள் பார்க்கவே விதைத்து, அவள் பார்க்கவே தண்ணீர் ஊற்றி, முன்மதிலில் வைத்தேன்.

குளிர்காலம் முழுக்க, காலையில் கம்பளித் தொப்பியோடு வந்து அந்தச் சட்டிக்குள் குனிந்து பார்ப்பாள். இன்னும் இல்லையா என்பாள். இன்னும் இல்லை என்பேன். முதல் மாதம் அது பாயாசத்தைவிட இனித்தது. முகத்துக்கு நேரே சொல்வதற்கு ஒரு வசனத்தையும் தயார் பண்ணி வைத்திருந்தேன்: 'வறுத்துவிட்டுத்தான் விதைத்தனான்.' அதை அவள் கேட்டால்தான் என் கணக்குத் தீரும்.

செப்டெம்பரில் ஒருநாள் அவள் சட்டி மண்ணை விரலால் கிளறிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"மனம் தளராதே, மிசிஸ் கொலம்பைன். உன்னில் பிழையில்லை. நான்தான் பழைய விதையைத் தந்துவிட்டேன்."

வறுத்ததைச் சொல்ல வாய் திறந்தேன். 'பரவாயில்லை' என்றுதான் வந்தது. அவள் போனபிறகு சட்டியை மதிலிலிருந்து இறக்கி வைத்தேன்.

அந்த வசந்தத்தில் என் ஊதாப் பூக்கள் முன்னொருபோதும் இல்லாத அளவுக்குப் பூத்தன. அவற்றின் அருமை தெரிந்த ஒரே ஆள் அந்தத் தெருவில் அவள்தான். அவளுக்கு ஒரு பூவைக்கூட என்னால் காட்டமுடியவில்லை.