வாய் கோணிய கம்ப்யூட்டர்

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்த்த லேத் பட்டறைக்கு அந்தக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் எழுந்த முதல் கேள்வி, "மிச்சம் எங்க?" என்பதுதான். கேட்டவர் ஸ்டோர்காரர். எண்பதுகளின் பின்பாதி அது. அவர் எங்கேயோ ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திருந்தார். அது மூன்று பெட்டியாக ஒரு மேஜை முழுக்கப் பரவிக் கிடந்ததாம். இங்கேயோ ஒரே பெட்டி. திரை, மெஷின், ஃபிளாப்பித் தகடு செருகும் துவாரம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். வெளியே இருந்தவை சுருட்டை ஒயரில் தொங்கிய ஒரு கீபோர்டும், உள்ளங்கையளவு மவுஸும் மட்டும்தான்.

"பாதிதான் வந்திருக்கு. பாதிச் சரக்குக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று பதிவேட்டில் 'குறைவு' என எழுதி மூடிவிட்டார்.

"யோவ், முழுசே இதான்யா!" என்றார் முதலாளி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் அவரை நாங்கள் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவோம். பாரீசில் இருக்கும் மகள் லீவுக்கு வரும்போது, கொஞ்சநாள்தான் ஓட்டியது என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். முசே அதைக் கல்யாணப் பெண்ணை அழைத்துவருவது போல அழைத்துவந்து, என் மேஜைமேல் உட்காரவைத்து, "வுவாலா! இதோ பாருங்க!" என்று துணியை விலக்கினார்.

ஒருத்தரும் கை தட்டவில்லை.

மேஸ்திரி அதை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். புதுச்சேரியில் அவர் கடைசல் பிடிக்காத இரும்பே கிடையாது என்று சொல்லிக்கொள்வார். "மேல கைப்பிடி வச்சிருக்கான், சரி. ஒரு ஸ்க்ரூகூட வெளியத் தெரியலையே. தொறந்து பாக்க முடியாததெல்லாம் ஒரு மெஷினா?" என்றார். பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு வந்து எட்டிப்பார்த்து, "ஐய, மூஞ்சி மாதிரியே இருக்குடீ! வாய்தான் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, பாவம்" என்றார். திரைக்குக் கீழே வலப்புறமாக இருந்த அந்தத் துவாரத்தைத்தான் சொன்னார். அவ்வளவுதான், அன்றைக்கே பட்டறை முழுக்க அதற்குக் கோணவாயன் என்று பெயர் விழுந்துவிட்டது.

முசேவுக்கு முகம் சுண்டிப்போனது. "பாரீஸ்ல ஜனங்க கடை வாசல்ல நின்னு, கெ செ ஜோலி, என்னா அழகுன்னு பாத்துக்கினு இருக்காங்க. நீங்க என்னடான்னா! நீ சொல்லும்மா, நல்லாருக்கா இல்லியா?"

"ரொம்ப நல்லாருக்கு முசே" என்றேன். சுத்தப் பொய். மண்ணெண்ணெய் டின்னுக்குக் கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது. ஆனால் எனக்கு வேறு வழி? பிரசவத்துக்குப் போயிருந்த டைப்பிஸ்டின் இடத்தில் தற்காலிகமாக வந்தவள் நான். ஆயுத பூஜை கழிந்ததும் அவள் திரும்பி வருகிறாள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மில்லில் வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. அந்த நேரத்தில்தான் முசே சொன்னார்: "பூஜைக்கு மறுநாள் விலைப் பட்டியலை இதுல அடிச்சிக் குடு. குடுத்துட்டா, இது இங்கியே இருக்கும், இதுக்கு ஆளா நீயும் பெர்மனென்ட். ஆவலைன்னா பொண்ணுகிட்டயே திருப்பி அனுப்பிடறேன்." பெட்டி போனால் நானும் போக வேண்டியதுதான் என்பதை அவர் சொல்லவில்லை. அது எனக்கே தெரியும்.

நல்லவேளையாக நான் தட்டச்சு பழகியது ஒரு பழைய பிரெஞ்சு மெஷினில். பாரீசிலிருந்து வந்த இந்தக் கீபோர்டிலும் எழுத்துகள் அந்த வரிசையிலேயே இருந்ததால் விரல் தடுமாறவில்லை. பிரிண்டரை மெட்ராசிலிருந்து முசே வரவழைத்தார். ஒரு மாதம் அந்தக் கோணவாயனோடு மல்லுக்கட்டிப் பட்டியலில் கடைசிப் பக்கம் தவிர மற்றதை முடித்திருந்தேன். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

லேத்தையெல்லாம் கழுவி, திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த மேஸ்திரி என் மேஜைக்கு வந்ததும் திகைத்து நின்றுவிட்டார். லேத்துக்குத் தலை எது, கால் எது என்று அவருக்குத் தெரியும். இதற்கு?

"மூஞ்சி இருக்குல்ல, நெத்தியில வையி" என்றார் அக்கா.

"நெத்தின்னா பொட்டு மட்டும் போதுமா? திருநீற்றைப் பட்டையாப் போட்டு விடு" என்றார் ஸ்டோர்காரர். பாதிச் சரக்கு என்று எழுதிவைத்த மனுஷனுக்கு அதன் அலங்காரத்தில் என்ன அக்கறையோ!

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உங்களுக்கெல்லாம் அறிவு இருக்கா? உள்ள தூசி போனாலே கெட்டுப்போவும். யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்தினேன். பெரியவர்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. கடைசியில் திரைக்கு மேலே ஒரே ஒரு சந்தனப் பொட்டு என்று ஒப்பந்தம் ஆனது. கற்பூரம் காட்டினார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது என்பதால் மீதிப் பட்டியலும் அப்படியே நின்றது. எல்லாரும் பொரி வாங்க முற்றத்துக்குப் போனார்கள்.

நான் மட்டும் பொரியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து அதன் முன்னால் நின்றேன். என்ன தோன்றியதோ தெரியவில்லை. "என்னை உட்டுட்டுப் போயிடாதடா" என்று சொல்லி, ஒரு சிட்டிகை பொரியும் இரண்டு பொட்டுக்கடலையும் அந்தக் கோணல் வாயில் ஊட்டிவிட்டேன். சத்தியமாக. அத்தனை பேரையும் திட்டிய அதே நான்தான்.

மறுநாள் தகட்டைச் செருகினால் உள்ளே போகவில்லை. அழுத்தினேன். கரகரவென்று அதன் தொண்டை கமறியது. முசேவைக் கூப்பிட்டேன். முசே வந்தார், எல்லாரும் கூடினார்கள். "மிச்சப் பாதி வந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்றார் ஸ்டோர்காரர்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "நான்தான் முசே. பொரி ஊட்டிட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

முசே மேஸ்திரியைப் பார்த்தார். கைப்பிடிக்கு அடியில், ஆழமான குழிக்குள், நட்சத்திர வடிவத் தலையோடு ஸ்க்ரூக்கள் ஒளிந்திருந்தன. மேஸ்திரி ஒரு நீளக் கம்பியை எடுத்து, அந்தத் தலைக்குத் தோதாக நுனியை அராவி, மதியத்துக்குள் பெட்டியைத் திறந்துவிட்டார். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகப் பேப்பர்மேல் வைத்தார். என் பொரி. என் கடலை. அப்புறம் ஒரு மல்லிகை மொட்டு. ஒரு பத்துக் காசு. ஒரு மடித்த திருநீற்றுப் பொட்டலம்.

"நான் இவ்வளவு போடலியே!" என்றேன்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பூவு என்னுதுடீ. நீ இங்கியே இருக்கணும்னு வேண்டிக்கினேன்" என்றார் அக்கா.

"காசு என்னுது" என்று உறுமினார் ஸ்டோர்காரர். "இந்தச் சனியன் சீக்கிரம் ஊர் போய்ச் சேரணும்னு போட்டேன்."

மேஸ்திரி பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "எல்லா மெஷினுக்கும் பூசிட்டு இதுக்கு மட்டும் பூசாம வுட்டா மனசு கேக்கல. கிட்ட வராதீங்கன்னு இந்தப் பொண்ணு வேற கத்துச்சா" என்றார்.

கடைசியாக ஒன்று மீதி இருந்தது. நகத்தளவு மாதா சுரூபம். எங்கள் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகிறவர் ஒரே ஒருவர்தான். முசே அதை மெதுவாக எடுத்து, துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் காது மடல் சிவந்திருந்தது.

துடைத்து மூடிப் போட்டுப் பார்த்தால் தகடு சமர்த்தாக உள்ளே போனது. மீதிப் பக்கத்தையும் அடித்து முடித்தேன்; சாயங்காலம் ஐந்து மணிக்கு விலைப் பட்டியல் பிரிண்டரிலிருந்து வந்து விழுந்தது. முசே அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாருமா சேந்து சோறூட்டியாச்சு. இனிமே இதை எப்படிய்யா வெளிய அனுப்புறது?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒன்னோட வேலை ஆர்டரை நீயே அடி, கையெழுத்துப் போடறேன்" என்றார்.

என் பெயரை அடிக்கப் போனேன். கண் நிறைந்து திரை தெரியவில்லை. தப்பாக அடித்தேன், அழித்தேன், மறுபடியும் தப்பு. முசே எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று விரல் பறந்தது.

பக்கத்தில் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த மேஸ்திரி சொன்னார்: "மெதுவா அடிம்மா. அது எங்கியும் போவாது."