இடதுபக்கச் சீட்டில் இருந்தவள்

ஜெர்மனிக்குப் போகும் காலம் வந்தால் லண்டனில் எங்கள் ஹவுன்ஸ்லோ வீட்டு வாசலில் ஒரு கூத்து நடக்கும். கணவர் குந்தியிருந்து காரின் முன் விளக்குகளில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். எதிரே வருபவனின் கண் கூசக்கூடாதாம். அவ்வளவு கரிசனை. பக்கத்தில் இருக்கிற மனைவியின் கண்ணை நம்பவைக்கிற ஸ்டிக்கர்தான் எந்தக் கடையிலும் இல்லை.

லண்டனிலிருந்து ஓட்டிப் போகிறவர்களே, ஓட்டோபான் என்ற ஜெர்மன் அதிவேகச் சாலையைப் பற்றி உங்களைப் பயமுறுத்த ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இடது லேன் முந்துவதற்கு மட்டும். முந்தியதும் வலதுக்கு வந்துவிடுங்கள். கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்தவன் அடுத்த கணம் உங்கள் பின்னால் நிற்பான். நான் சொல்ல வந்தது கிராமத்து ரோட்டைப் பற்றி. அங்கே ரோட்டின் வலதுபக்கம் ஓட்டவேண்டும்; எங்கள் கார்களில் ஸ்டியரிங்கும் வலதுபக்கம். முன்னால் ட்ராக்டர் போனால் எதிரே வருவது ஓட்டுபவருக்குத் தெரியாது. இடதுபக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஜெர்மனியில் இருக்கும் கெவலார் மாதா கோவில் திருநாளுக்கு நாங்கள் தனியே போனதில்லை. லண்டனின் மறுகோடியில், குட்மேய்ஸில் இருக்கும் கணவரின் அண்ணன், என் அத்தான், முன்னால் போவார். நாங்கள் ஒட்டிக்கொண்டு பின்னால். இடையில் வேறு கார் புகுந்தால் மானம் போய்விடும். ஒரு வருடம் கிராமத்து ரோட்டில் அத்தான் ஒரு ட்ராக்டரை முந்திப் போய்விட்டார். போன் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது: "வாடா, ரோட் க்ளியர். வா!"

கணவர் என்னைக் கேட்டார். "போகலாமோ?"

பண்ணைப் பாதையொன்றிலிருந்து லொறி ஒன்று ரோட்டில் ஏறுவதைக் கண்டேன். "வேண்டாம், லொறி வருது!"

"அண்ணை க்ளியர் எண்டுறார்," என்று ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

லொறி அலறியது. கணவர் இடதுக்கு வெட்ட, கார் மரத்தில் மோதியது. என் பக்கம். கதவு உள்ளே வந்து கையை நசுக்கியது. என் எலும்பு முறிந்த சத்தத்தை நானே கேட்டேன். துப்பினேன், இரத்தம், கண்ணாடித்தூள், ஒரு பல்.

ட்ராக்டர்காரர் ஓடிவந்து, கூரையில் குத்திக் குத்தி, உடைந்த ஜன்னலுக்குள்ளால் என் முகத்தைப் பார்த்துக் கத்தினார். அவர் நாட்டில் அது ஓட்டுகிறவரின் சீட். பிறகுதான் என் முன்னால் ஸ்டியரிங் இல்லாததைக் கண்டார். "யூ நோ டிரைவ்?"

"நோ. ஐ ஸெட் நோ."

தலையாட்டினார். என்ன விளங்கியதோ.

ஆஸ்பத்திரிக்கு அத்தான் வந்து, "மாதா காப்பாத்திப்போட்டா, பிள்ளை," என்றார். நல்ல கையால் தண்ணீர்க் கிளாஸை எடுத்து எறிந்தேன். அவர் காதுக்குப் பக்கத்தில் சுவரில் சிதறியது. "மாதா வந்து வேண்டாம் எண்டு சொல்லியிருந்தாலும் நீங்கள் ரெண்டு பேரும் கேட்டிருக்கமாட்டியள்!" என்று கத்தினேன். கணவர் குந்தியிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். அன்றோடு அத்தான் எங்களுடன் கதைப்பதை நிறுத்திவிட்டார்.

போன ஆகஸ்டில் நாங்கள் தனியாகப் போனோம். கிராமத்து ரோட்டில் முன்னால் வைக்கோல் ஏற்றிய ட்ராக்டர். கணவர் வேகத்தைக் குறைத்தார். "போகலாமோ?"

கண்ணுக்கெட்டிய தூரம் ரோடு வெறுமையாகக் கிடந்தது.

"வேண்டாம்," என்றேன்.

அவர் போகவில்லை. ஜெர்மன்காரர்கள் ஹோர்ன் அடித்து, எங்கள் லண்டன் நம்பர் பிளேட்டைத் திட்டியபடி ஒவ்வொருவராக முந்திப் போனார்கள். நாங்கள் அந்த வைக்கோலுக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். கெவலாரில் தமிழ்ப் பூசை தொடங்கியிருக்கும். முன்பு ஒவ்வொரு வருடமும் கோவிலின் முன் வாங்கில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்தவர் அத்தான்தான்.