ரிங் விட்டுக் கட் செய்கிற ஊரில் இன்டர்நெட் ஃபோன்

எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இன்டர்நெட் ஃபோன் வந்தபோது எனக்கும் என் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு ஃபோனுக்காக இவள் ஏன் இவ்வளவு தவித்தாள் என்று உங்களுக்குத் தோன்றும்.

சண்டை என் தம்பியின் கல்யாணத்தில் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் வந்து உட்கார்ந்து இணைச்சீர் என்கிற சடங்கைச் செய்ய வேண்டும். அன்றைக்கென்று பார்த்து அருள்புரத்தில் எங்கள் கம்பெனி வாசலில் கண்டெய்னர் நின்றுகொண்டிருந்தது. சரக்கை ஏற்றி அனுப்பிவிட்டு, பட்டுப்புடவையைக் காரிலேயே சரிசெய்துகொண்டு மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தால், இணைச்சீரில் பெரியப்பா மகள் உட்கார்ந்து எழுந்துவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு, பந்தியில்கூட உட்காராமல் கிளம்பி வந்துவிட்டேன். "உடுங்க, போகட்டும். இனி அவளாப் பேசுனாத்தான் எனக்கும் அவளுக்கும் பேச்சு" என்று அப்பா எல்லார் முன்னாலும் சொன்னாராம். நான் மட்டும் இளைத்தவளா? அவரே முதலில் பேசட்டும் என்று சொல்லியனுப்பினேன். நான் செய்தது சரியா தப்பா என்று கேட்டால் இன்றும் என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. கேட்கிற ஆளைப் பார்த்து ஒன்றைச் சொல்வேன்.

அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தம்பி கல்யாணமானதும் மனைவியோடு பெங்களூர் போய்விட்டான். அவிநாசி பக்கம் சேவூரில் எங்கள் தோட்டத்தில் அப்பாவும், மாடு பார்க்கிற ஓர் ஆளும், ஒரு லேண்ட்லைன் ஃபோனும்தான். சண்டை நடந்த கொஞ்ச நாளில் ஒரு காலை, நான் ஆபீசில் வந்து உட்கார்ந்ததும் மேசை ஃபோன் ஒரே ஒரு ரிங் அடித்து நின்றது. நம்பர் காட்டுகிற டப்பாவில் சேவூர் நம்பர். மறுநாளும் அதே நேரத்தில் ஒரு ரிங். அதற்கு மறுநாளும். பால் கறந்து ஊற்றியாயிற்று, உயிரோடு இருக்கிறேன், ஆனால் உன்னோடு பேச மாட்டேன் என்பதையெல்லாம் அவர் அந்த ஒற்றை ரிங்கில் சொல்லிவிடுவார். நான் எடுக்க மாட்டேன். எடுத்தால் யார் முதலில் பேசுவது என்ற தகராறு வந்துவிடும். ஆனால் அந்த ரிங் அடிக்காமல் நான் ஒரு பேப்பரைக்கூடத் தொட்டதில்லை.

ரிங் விடுவது அவர் கண்டுபிடித்த வழக்கமும் அல்ல. அப்போது திருப்பூரில் பாதி வியாபாரம் எடுக்காத ஃபோனில்தான் நடந்தது. சாயப்பட்டறைக்காரர் ஒரு ரிங் விட்டால் துணி தயார், டெம்போ அனுப்பு என்று அர்த்தம். இரண்டு ரிங் விட்டால் நிறம் சேரவில்லை, ஆள் வந்து பார்க்கட்டும் என்று அர்த்தம். காஜா போடுகிறவர், பிரிண்டிங் போடுகிறவர், டெம்போ டிரைவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. ஃபோனை எடுத்துத் தொலைத்தால்தான், காசு போயிற்றே என்று எல்லாருக்கும் கோபம் வரும்.

இது இன்டர்நெட் ஃபோன் மாட்ட வந்த கோயமுத்தூர் இன்ஜினியருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. மூச்சு விடுவதைப் போய் யாராவது சொல்வார்களா?

புது ஃபோன் என் வீட்டுக்காரருடைய ஆசை. எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர், ஏஜென்டை விட்டுவிட்டு எங்களோடு நேரடியாகப் பேசத் தொடங்கியிருந்த காலம். இன்டர்நெட்டில் பேசினால் பக்கத்து அறையில் பேசுவது மாதிரி கேட்கும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். கார்த்திகை கடைசியில் இன்ஜினியர் வந்து, டிஃபன் கேரியர் அளவில் ஒரு பெட்டியைச் சுவரில் பொருத்தி, பழைய ஃபோன் வயரையும் இன்டர்நெட் வயரையும் அதற்குள் செருகினார். பச்சை விளக்குகள் மின்னின.

"கூப்பிட்டா அது எங்கீங்க போகும்?" என்று கேட்டேன்.

"இந்த பாக்ஸ் எடுத்துக்கும் மேடம். அப்புறம் எந்த செக்சனோ அங்க அனுப்பிடும்."

"நானு எடுக்கறதுக்கு முன்னாடி அது எப்படீங்க எடுக்கும்?"

அவர் ஒரு தாளில் கட்டம் போட்டு, அம்பு போட்டு விளக்கினார். ஒன்றை அழுத்தினால் மெர்ச்சண்டைசிங், இரண்டை அழுத்தினால் புரொடக்சன், மூன்றை அழுத்தினால் கணக்குப் பிரிவில் நான். எதையும் அழுத்தாமல் காத்திருந்தால் முன் ஆபீஸ். நான் தலையை நன்றாக ஆட்டினேன். ஒன்றும் புரியவில்லை. அவர் போனதும் பெட்டிக்குக் குங்குமம் வைத்தேன்.

அவர் போவதற்குமுன் இன்னொரு வேலையும் நடந்தது. பெட்டிக்குள் ஏற்கெனவே ஒரு பெண் இங்கிலீஷில் வரவேற்றுக்கொண்டிருந்தாள். "நம்மாளுகளுக்கு இவ பேச்சு வெளங்காது. ஏம்புள்ள, நீயே பேசிப்போடு" என்றார் என் வீட்டுக்காரர். சாப்பாட்டு நேரத்தில் மெஷின்களை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு நான் பேசிப் பதிவுசெய்தேன். "வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். கொஞ்சம் காத்திருங்கள். இதோ வந்து பேசுகிறேன்." பேசுவார்கள் என்றுதான் இன்ஜினியர் எழுதிக்கொடுத்த தாளில் இருந்தது. என் வாயில் பேசுகிறேன் என்று வந்துவிட்டது. நல்லாத்தான் இருக்கிறது என்று இன்ஜினியரும் விட்டுவிட்டார்.

முன் ஆபீசுக்கு மட்டும் இன்னும் பெயின்ட் வேலை முடியவில்லை. முடிந்தபோது மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் யார் புது இடம் திறப்பார்கள்? தை பிறந்ததும் பால் காய்ச்சித் திறந்துகொள்ளலாம் என்று முடிவு செய்து, அந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சாமி மாடத்தில் வைத்தோம். அந்த அறைக்கான ஃபோன் அட்டைப்பெட்டியோடு உள்ளே இருந்தது.

எந்த நம்பரை அழுத்துவது என்று மெயிலில் சொல்லியிருந்ததால் பையர் நேராகப் பேசினார். பக்கத்து அறை மாதிரியே கேட்டது. என் வீட்டுக்காரர் இரண்டு நாட்கள் தரையில் கால் பாவாமல் நடந்தார். எனக்குத்தான் முதல் நாளே வேலை ஓடவில்லை. என் மேசையில் சேவூர் ரிங் வரவில்லை.

புது ஃபோன் அல்லவா, பழக வேண்டும் என்று முதல் நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதோ? இல்லை, ரிங்கையும் நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டாரோ? அப்படியானால் ஏன் இப்போது? நான் இப்போது புதிதாக என்ன செய்துவிட்டேன்? மூன்றாம் நாள் வீறாப்பை ஓரம் வைத்துவிட்டு, அவர் ரிங் விடுகிற நேரத்தில் என் செல்போனிலிருந்து சேவூருக்குப் போட்டேன். என்கேஜ்டு. கொஞ்ச நேரம் விட்டுப் போட்டேன். அப்போதும் என்கேஜ்டு. பகலில் போட்டால் எடுக்க ஆளில்லை, தோட்டத்தில் இருப்பார். மறுநாள் காலையும் என்கேஜ்டு. அளந்து அளந்து பேசுகிற மனிதர், காலையில் இவ்வளவு நேரம் யாரோடு பேசுகிறார்?

காலையில் அவிநாசிக்கு நூல் எடுக்கப் போன எங்கள் டெம்போ டிரைவரை, சேவூர் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். டிரைவர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். திரும்பி வந்து சொன்னார்: "ஐயா நல்லாத்தாம்க்கா இருக்காவ. போனக் காதுல வச்சிக்கிட்டு கட்டில்ல இருந்தாவ. நான் பேசப் போனேன், சத்தம் போடாதன்னு கையக் காட்டிட்டாவ."

உயிர் வந்தது. வந்த கையோடு பொறாமையும் வந்தது. தம்பியோடுதான் பேசுகிறார், வேறு யாரோடு? மகனோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு மணிக்கணக்கில் பேசலாம், மகளுக்கு ஒரு ரிங்கும் கிடையாது. தம்பிக்குப் போட்டுக் கேட்டேன். "என்றகிட்டயா? நாயித்துக்கிழமை மட்டுந்தான் பேசுவாருக்கா" என்றான். பொய் சொல்கிறான் என்று அவனையும் நாலு திட்டுத் திட்டினேன். அவன் என்ன ஏதென்று தெரியாமல் கேட்டுக்கொண்டான். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. எதைத் தொட்டாலும் அப்பாதான். வவுச்சரில் கையெழுத்தை மாற்றிப் போட்டேன், டீக்காரரைக் காரணமில்லாமல் விரட்டினேன்.

இதற்கிடையில் சாயப்பட்டறையிலிருந்து துணியும் வரவில்லை. ரிங் வரவில்லை, அதனால் டெம்போ போகவில்லை. கடைசியில் பட்டறைக்காரர் தானே மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். என் வீட்டுக்காரருக்கு மாமன் முறை ஆகவேண்டியவர்.

"ஏனுங்கம்மிணி, துணி காஞ்சு கெடக்குது, டெம்போவத் தாட்டி உடறதில்லையா?"

"நீங்க ரிங்கே உடலியேங்க மாமா!"

"நல்லாருக்குது போ! நானு ரிங் உடறதுக்குள்ள நீ லபக்குனு எடுத்துப்போடறே. வணக்கம் சொல்றே. காத்திருங்க, வந்து பேசறேங்கறே. அப்புறம் பாட்டப் போட்டுட்டுப் போயிர்றே. நானும் அம்மிணி அம்மிணின்னு கத்தறேன், காதுலயே உளுகலையாட்ட இருக்குது. பெரிய கம்பெனி ஆயிப்போச்சு, மாமனெல்லாங் கண்ணுக்குத் தெரீலீன்னு வெச்சுப்போட்டேன்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். துணி மறந்துபோனது. பட்டறை மறந்துபோனது. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாதே என்று கை காட்டிய ஒரு மனிதர் மட்டும் கண் முன்னால் வந்தார்.

இன்ஜினியருக்கு செல்போனில் போட்டேன். "முன் ஆபீஸ் ஃபோனை மாட்டீட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். அதைத் தை மாதம்தான் மாட்டுவோம் என்றேன். "மேடம், நம்பர் எதுவும் அழுத்தாம காத்திருக்கறவங்க எல்லாரும் அந்த ஃபோனுக்குத்தான் காத்திருக்காங்க" என்றார்.

மறுநாள் காலை சீக்கிரமே வந்து சாமி மாடத்திலிருந்து சாவியை எடுத்தேன். "மார்கழியில தொறக்கறதுங்களா?" என்று வாட்ச்மேன் தயங்கினார். மார்கழியும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு என்றேன். பெயின்ட் நாற்றம் அடிக்கிற அறையில் நாற்காலிகூட இல்லை. அட்டைப்பெட்டியைக் கிழித்து ஃபோனை எடுத்து, சுவரிலிருந்த வயரைச் செருகி, தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். நான்தான் முதலில் பேசப்போகிறேன் என்று தெரிந்தது. என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

வழக்கமான நேரத்துக்கு அடித்தது. ஒரு ரிங் அடித்தது, இரண்டாவதும் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் மாடு கத்தியது. அப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "இருப்பா, தண்ணிய அப்புறங் காட்டிக்கலாம். இப்ப வந்துருவா."

"அப்பா" என்றேன்.

"வந்துட்டியா கண்ணு?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பாட்டுக்குப் பேசினார். "தெனமும் நீயே எடுத்து, இருங்க, வந்து பேசறேங்கறே. நானும் இருக்கறேன், நீ வரக்காணம். அவளே முதல்ல பேசிப்போட்டா, இனி நமக்கென்ன வீறாப்புன்னுதான் தெனமும் இருந்து பார்த்தேன். வேலை சாஸ்தியா சாமி?"

அது நான் இல்லை, மெஷின் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு பெட்டி எடுத்துப் பேசியதற்கு இந்த மனிதர் இத்தனை நாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் என்பதை அவரிடமே எப்படிச் சொல்வது?

"ஆமாங்ப்பா. வேலைங்க" என்றேன்.

"வேலையிருந்தாப் போய்ப் பார்த்துப்போட்டு வா கண்ணு. நானு போன வெக்க மாட்டேன். இருக்கறேன்."

வெளியே ஷிஃப்ட் தொடங்கி மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. என்னைத் தேடி யாரோ கதவைத் தட்டினார்கள். நான் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இல்லீங்ப்பா, நான் எங்கயும் போகலீங்க" என்றேன்.