அம்சம் டீச்சருக்கு வழிகாட்டி அம்சம் டீச்சர்

அம்சம் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தது எழுபத்திரண்டில், பாபநாசம் பக்கம் ஓராசிரியர் பள்ளி ஒன்றில். பண்ணையில் நாற்று நட்ட குடும்பத்தில் சாக்பீஸ் பிடித்த முதல் ஆள் அவர்தான். ஒரு வருஷத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டால் அப்பா வீரையன், கூலிக்காக மிராசுதார் வாசலில் போய் நிற்க வேண்டாம். டீச்சருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் பார்த்து மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. புது ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் அதே பள்ளியின் மூத்த ஆசிரியர் வழிகாட்டியாக இருக்க வேண்டும்; வாரம் ஒருநாள் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை இல்லாமல் நிரந்தரம் கிடையாது. ஆய்வாளர் அலுவலகத்தில் நான் அப்போது கிளார்க். ஓராசிரியர் பள்ளியில் மூத்தவருக்கு எங்கே போவது என்று ஆய்வாளர் தியாகராசனிடம் கேட்டேன். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றார். அந்தப் பள்ளியின் பணிமூப்புப் பட்டியலில் முதலில் இருந்தவர் அம்சம். கடைசியில் இருந்தவரும் அவரே. வழிகாட்டி என்ற கட்டத்தில் அவர் பெயரையே எழுதிவிட்டேன். புத்தி கெட்ட வேலைதான்.

வேறு யாராவது என்றால் வாராவாரம் ‘மிக நன்று’ என்று எழுதிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இவர் அரசாங்க உத்தரவை அப்படியே நம்புகிற ரகம். வெள்ளிக்கிழமை மத்தியானம் கால் மணி நேரம் பாடம் நடத்துவார். பிறகு பின்பெஞ்சில் போய் உட்கார்ந்து, தான் நடத்தியதில் என்ன குறை என்று எழுதுவார். பிள்ளைகள் முதலில் மிரண்டார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்றால் டீச்சர், பின்பெஞ்சில் உட்கார்ந்தால் பெரிய டீச்சர். டீச்சர் வெளியே விடவில்லையென்றால் பெரிய டீச்சரிடம் போய்க் கேட்டார்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்.

அறுவடையில் கூலித் தகராறு வந்தது. கேட்ட நெல்லைத் தர முடியாது என்று மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். மறித்தவர்களைப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போனது. அதில் பக்கிரியும் ஒருவர். அவர் மனைவி தினமும் கோர்ட்டுக்கு அலைந்தாள். மூன்றாம் வகுப்பில் படித்த மகள் ராமாயி, கைக்குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டுப் பத்தரைக்குத்தான் பள்ளிக்கு வர முடிந்தது. தாமதம் என்று செவ்வாய்க்கிழமை டீச்சர் பிரம்பால் இரண்டு போட்டார்.

வெள்ளிக்கிழமை ராமாயி பின்பெஞ்சுக்குப் போய்க் கையைக் காட்டினாள்.

“பெரிய டீச்சர், அந்த டீச்சர் என்னை அடிச்சிட்டாங்க. ஏன் லேட்டுன்னு கேக்கவே இல்ல.”

பெரிய டீச்சர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். காரணம் கேட்காமல் அடிப்பது பண்ணையாட்களை மேய்க்கும் காரியக்காரரின் வழக்கம். அப்பாவின் முதுகில் அதை அவர் பார்த்திருக்கிறார். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னார். அழுதுவிட்டு அறிக்கையில் எழுதினார்: ஆசிரியை விசாரிக்காமல் அடித்தார், இது தவறு.

அதை நான் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் தபால் பதிவேட்டில் எண் போட்டாகிவிட்டது; எண் போட்ட காகிதத்தைக் கிழிக்க அலுவலகத்தில் ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. ஆசிரியையிடம் விளக்கம் கேட்டு, வழிகாட்டி மூலமாக மெமோ அனுப்பினோம். விசாரணையன்று தியாகராசன் அவரை முதலில் குற்றம் சாட்டப்பட்டவர் நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு சாட்சி நாற்காலிக்கு மாறச் சொன்னார். இரண்டிலும் அவர் ஒன்றையேதான் சொன்னார். முடிவில் ஆசிரியைக்கு நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. வழிகாட்டிக்கு நேர்மைக்காகப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

இரண்டையும் டைப் அடித்தவன் நான். மனசு கேட்காமல் நானே கொண்டுபோனேன். அன்று வெள்ளிக்கிழமை, பின்பெஞ்சில் இருந்தார். படித்துவிட்டு, அப்பா இன்னும் ஒரு வருஷம் அந்த வாசலில் நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். ராமாயி இடுப்பில் குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

“பெரிய டீச்சர், அவங்களை வேலைய விட்டுத் தூக்கிடாதீங்க. இப்பல்லாம் அடிக்கிறதில்ல. தம்பியையும் தூக்கிட்டு வரச் சொல்லிட்டாங்க. அதையும் எழுதுங்க.”

அம்சம் டீச்சர் அறிக்கைப் படிவத்தை எடுத்தார். “என்னைப் பத்தி நல்லதா நானே எப்படி சார் எழுதுறது?” என்று பேனாவை என்னிடம் நீட்டினார். ராமாயி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வழிகாட்டியின் கையொப்பம் என்ற கட்டத்தில் ராமாயி எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் போட்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அதற்குத் தபால் பதிவேட்டில் எண் போட்டேன்.