தேசம்மாவுக்கு இரண்டாவது சாட்சி

காலை 5.15, தாம்பரம். செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறினேன். இன்னும் பதினெட்டு நாளில் ஜெனீவாவில் உலகப் பழங்குடி மக்களின் கூட்டம். அதில் ஐந்து நிமிடம் பேச, உத்திரமேரூர்ப் பக்கத்து இருளர் பெண் தேசம்மாவை அழைத்திருந்தார்கள். விமானச் செலவை, வடதுருவப் பக்கம் மான் மேய்க்கும் பழங்குடிச் சங்கத்தார் தங்களுக்குள் வசூல் செய்து அனுப்பியிருந்தார்கள். அவர் பேச்சை மொழிபெயர்க்கப் போகிறவன் நான். எல்லாம் தயார், பாஸ்போர்ட் மட்டும் இல்லை.

விசாரணைக்குப் போலீஸ் ஏற்கெனவே ஒருமுறை தேசம்மாவின் குடியிருப்புக்குப் போனது. காக்கியைக் கண்டதும் குடியிருப்பு மொத்தமும் ஓடி ஏரிப் புதர்களுக்குள் ஒளிந்துகொண்டது. சுற்றுவட்டாரத்தில் எங்கே திருட்டுப் போனாலும் முதலில் இவர்களைத்தான் தூக்குகிறார்கள். ஓடாமல் என்ன செய்வார்கள்? வந்தவர், ‘இந்த முகவரியில் எவரும் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். கெஞ்சிக் கூத்தாடி இன்றைக்கு மறுவிசாரணை. இதுவும் தவறினால் விசா எடுக்க நாள் இருக்காது. யாரையும் ஓடவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என்னைப் பார்த்து யார் நிற்கப்போகிறார்கள் என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

செங்கல்பட்டில் வண்டி மாறினேன். சாலவாக்கம் வழி, முப்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐந்தரை ரூபாய். பாலாற்றில் கண்ணுக்கு எட்டியவரை மணல். பக்கத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

“உத்திரமேரூர்ல இன்னா ஜோலி?”

“ஒருத்தங்க பாஸ்போர்ட் விஷயமா.”

“துபாயா?”

“சுவிட்சர்லாந்து.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏஜென்டு பேச்ச நம்பிக்கினு துட்ட வுட்டுடாத நைனா.”

8.35, உத்திரமேரூர். கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் கரீம் பாய் மொபெட்டோடு காத்திருந்தார். தபால்காரர் இருளர் குடியிருப்புக்குள் போவதில்லை. தேசம்மாவின் கடிதங்கள் பாயின் கடைக்குத்தான் வரும். ஆறு கிலோமீட்டர் பின்னால் தொற்றிக்கொண்டு போனேன்.

ஏரிக்கரைக்குக் கீழே பதினேழு குடிசைகள். ஓர் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஆளில்லை. தேசம்மா மட்டும் தன் வாசலில் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும், சலவைப் புடவை.

“சொல்லிப் பாத்துட்டேன் சார். ஒருத்தரும் நிக்கல. நான் மட்டும்தான் கீறேன்.”

10.20. ஏட்டு சைக்கிளில் வந்தார். பெயர், தகப்பன் பெயர், எத்தனை வருஷமாக இங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்குள் தாளைத் திருப்பினார்.

“அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் சாட்சி போடணும். எங்க எல்லாரும்?”

பாய் முந்திக்கொண்டு ஒரு கையெழுத்தைப் போட்டார். “இன்னொண்ணு இங்க குடியிருக்கிற ஆளா இருக்கணும்,” என்றார் ஏட்டு. “இல்லன்னா போன வாட்டி எழுதுனதத்தான் எழுதணும். எனக்கு வேற வேலை கீது.”

தேசம்மா கரைமேல் ஏறி, வேலிக்காத்தான் புதரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏகாம்பரம், உன்ன புடிக்க வரல. எனக்கு சாட்சி சொல்ல வா.”

ஏட்டு கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவருக்கு இரண்டாம் முறை தண்ணீர் கொடுத்தேன். அவர் சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கும்போது புதர் அசைந்து ஒரு மனிதர் வெளியே வந்தார். கையெல்லாம் முள் கீறல். “அடுத்த வூட்டுக்காரரு. ரெண்டு வாட்டி பொய்க் கேசுல உள்ள போயிட்டு வந்தவரு,” என்று பாய் என் காதில் சொன்னார்.

அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஏட்டு மைப்பெட்டியைத் திறந்தார். ஏகாம்பரம் இரண்டு கைகளையும் நீட்டிப் பத்து விரல்களையும் விரித்தார். ஸ்டேஷனில் ஒவ்வொரு தடவையும் பத்து விரல் ரேகையையும்தான் எடுத்திருக்கிறார்கள்.

ஏட்டு அந்த விரல்களையே பார்த்தார். “ஒண்ணு போதும்பா. இடது கட்டைவிரல்.”

“மத்தது?”

“மத்தது வேணாம். நீ சாட்சி.”

ஒன்றரை மணிப் பேருந்துக்கு நின்றேன். வழியனுப்ப வந்த தேசம்மாவிடம், “விமானத்துல பயப்படாதீங்க, நான் கூடவே இருப்பேன்,” என்றேன்.

“அதுக்கு இன்னா சார் பயம். நான் போயி வர்ற வரிக்கும் ஏகாம்பரம் பேரு போலீஸ்கிட்ட எழுத்துல கீது. அவர தூக்கினு போவாம, நான் வரும்போது அவரு இங்க இருக்கணுமே.”

பேருந்தில் கத்தரிக்காய்ப் பெரியவர் இல்லை. பேச யாரும் இல்லாமல் தேசம்மா சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தாம்பரத்தில் என் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் வந்தபோது அம்மா காபி கொடுத்தாள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட எதிர்வீட்டுக்காரர், அன்று சாயங்காலமே அதை மறந்துவிட்டார்.