மன்னார்ப் பாலத்தில் உடைந்த காபன் ஹாண்டில்

மன்னார்ப் பாலத்தின் நடுவில், ஓடுகிற சைக்கிளில், ஹாண்டிலின் வலப்பக்கம் என் கையோடு வந்துவிட்டது!

(இல்லை, நான் அவ்வளவு பலசாலி இல்லை.)

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. முருங்கன் பக்கம் போய்விட்டுப் பள்ளிமுனையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சோளகக் காற்று பக்கத்தால் தள்ளியது. ஹாண்டிலை இறுக்கிப் பிடித்து மிதித்தேன்.

"டக்" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி தார் றோட்டில் கிடந்தேன்.

பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. என் தலைக்கும் அதன் முன் சில்லுக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கலாம். அவ்வளவுதான்.

டிரைவர் குதித்து ஓடி வந்தார்.

"அக்கா, எழும்ப ஏலுமோ? கையில என்ன வச்சிருக்கிறியள்?"

"ஹாண்டில் தம்பி."

"ஓடேக்க ஏன் அதைக் கழட்டினனீங்கள்?"

முழங்கை உரஞ்சி, முழங்காலில் இரத்தம். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆண்டவருக்கு நன்றி! சைக்கிளையும் என்னையும் பஸ்ஸிலேயே ஏற்றி வந்து இறக்கிவிட்டார்கள்.

அந்தச் சைக்கிள் டென்மார்க்கில் இருக்கும் என் தம்பி லீவில் வந்தபோது கொண்டுவந்து, போகும்போது எனக்குத் தந்துவிட்டுப் போனது. ஹாண்டில் உட்பட முழுக்கக் காபன் பைபர். ஒரு கையால் தூக்கலாம். டொக்டர் எனக்குச் சீனி கூடிவிட்டது என்று சொன்ன நாளிலிருந்து அதுதான் என் மருந்து.

என் கணவர் அன்ரன் பைபர் படகுகள் திருத்துகிறவர். முதலில் என் காயத்துக்கு மருந்து கட்டினார். பிறகு ஹாண்டிலைக் கையில் எடுத்தார். பார்த்தார், பார்த்தார், தேத்தண்ணி ஆறி அவலாய்ப் போகும்வரை பார்த்தார்.

தம்பி வாங்கிய பற்றுச்சீட்டை அனுப்பினான். நான் படங்களோடு சைக்கிள் கொம்பனிக்கு ஈமெயில் போட்டேன்.

மூன்றாம் நாள் பதில். மிக மரியாதையான பதில். நான் விழுந்ததற்கு வருந்துகிறார்களாம். ஆனால் ஹாண்டிலைப் பிடித்திருக்கிற திருகாணியை அளவுக்கு மீறி இறுக்கியதால்தான் உடைந்ததாம். வாறன்ரி கிடையாதாம்.

(படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். சாத்திரியார்கூட முதலில் பிறந்த நேரம் கேட்பாரே!)

சிரித்தாலும் உள்ளுக்குள் குத்தியது. திருகாணியை இறுக்கியது நான்தான். என் பிழையோ?

"இஞ்ச வா," என்று கூப்பிட்டார் அன்ரன். "இறுக்கினதால உடைஞ்சா, இறுக்கின இடத்திலயெல்லோ உடைய வேணும்? இது நாலு விரல் தள்ளிப் போயிருக்கு."

உடைந்த விளிம்பை நகத்தால் கீறினார். கறுப்பு நூல் தலைமயிர் மாதிரி உதிர்ந்தது.

"பார். பசை ஊறேல்ல. படகுக்கு ரெசின் பூசேக்க ஊறாமல் விட்ட இடம் இப்பிடித்தான் இருக்கும். மேலுக்கு மினுக்கம், உள்ளுக்கு வெறும் பஞ்சு. உன்ர பிழை இல்லையடி."

அந்தக் கடைசி வசனத்துக்காகவே இன்னொரு தரம் விழலாம் போலிருந்தது.

"நல்ல பக்கத்தையும் அறுத்துப் பாக்கட்டோ?"

"ஐயோ, வேண்டாம்! பிறகு நாங்கள்தான் உடைச்சனாங்கள் எண்டு சொல்லுவினம்!"

ஹாண்டிலை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். (அறுக்கிற வாளும் கையுமாக நிற்கிற மனிசனை நம்ப முடியாது.)

நகத்தால் கீறுவதை வீடியோ எடுத்து அனுப்பினோம். அதே பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே பதில், ஒரு கமா கூட மாறவில்லை!

நாலாவது கடிதத்தில் வேறு மாதிரி எழுதினேன். "எனக்குப் புது ஹாண்டில் வேண்டாம். எனக்குப் பின்னால் ஒரு பஸ் வந்தது. இதே ஹாண்டிலை இன்னும் எத்தனை பேர் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்? விஷயம் தெரிந்த ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்."

அடுத்த நாளே ஒரு பொறியியலாளர் வீடியோ கோலில் வந்தார். இளம் பெண். அன்ரன் பூசைக்குப் போடுகிற சேட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் மொழிபெயர்ப்பு.

அன்ரன் ஒரு ரூபாய் நாணயக் குத்தியால் ஹாண்டிலின் நல்ல பக்கத்தைத் தட்டினார். "டிங்". உடைந்த இடத்துக்குக் கிட்டத் தட்டினார். "டொக்".

அந்தப் பெண் முன்னால் சாய்ந்தார். "இன்னொரு தரம், தயவு செய்து."

டிங். டொக்.

"உங்கள் கணவர் இதை எங்கே படித்தார்?"

நான் திரும்பி அன்ரனைக் கேட்டேன்.

"கடற்கரையில எண்டு சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார்.

ஹாண்டிலைக் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். மூன்று கிழமை ஒரு சத்தமும் இல்லை. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். பிறகு வந்தது கடிதம்!

அறுத்துப் பார்த்தார்களாம். என்னுடையதோடு சேர்த்துச் செய்த தொகுதி முழுக்கப் பசை சரியாக ஊறவில்லையாம். மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். அன்ரனின் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். அந்த ஹாண்டில் உள்ள எல்லோரும் சைக்கிளை ஓடாமல் நிறுத்தச் சொல்லி அறிவித்தலும் போட்டுவிட்டார்கள்! எனக்குப் புது ஹாண்டில் தருவதாகச் சொன்னார்கள். அலுமினியத்தில் கேட்டு வாங்கினேன்.

அன்ரனுக்கு அது பிடிக்கவில்லை. "காபன் நல்ல சாமான்தான். செய்யிறவன் ஒழுங்காச் செய்ய வேணும்."

இந்தக் கதையை ஒரு சைக்கிள் குழுவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். இன்று காலை, எங்கேயோ குளிர் நாட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒரு தகப்பன் எழுதியிருந்தார். தன் மகள் பள்ளிக்கூடம் போகிற சைக்கிளிலும் அதே ஹாண்டிலாம். அறிவித்தலைப் பார்த்துவிட்டு உடனே கழற்றிவிட்டாராம்.

அன்ரன் வேலை செய்யும் இடத்துக்கே போய் வாசித்துக் காட்டினேன். ரெசின் தூரிகையை டின்னுக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பிள்ளைக்கு என்ன வயசாம்?"

"பதின்மூண்டாம்."

"அப்ப ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கெதியா எழுது. புதுசு வருமட்டும் ஒரு இரும்பு ஹாண்டிலைப் போட்டுக் குடுக்கச் சொல்லு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிந்தப் போகுது!"