ஆறு கிரேன்காரனும் மூன்றாம் பக்கமும்

ஒரகடத்தில் கிரேன் என்றால் முதலில் என் முகம்தான் ஞாபகத்துக்கு வரவேண்டும். இங்கே கார் கம்பெனிகள் காம்பவுண்டு சுவர் கட்டுவதற்கு முன்பே லாரியில் கிளீனராக இருந்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கிளீனர், டிரைவர், ஆபரேட்டர், அப்புறம் முதலாளி. இன்று ஆறு கிரேன் என் பெயரில் ஓடுகிறது. இந்தச் சாலையில் இருக்கிற தொழிற்சாலைகளில் பாதிக்கு மேல், முதல் மெஷினைத் தூக்கி உள்ளே வைத்தது என் கொக்கிதான். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

போனில் மட்டும் கேட்காதீர்கள். அது என் சகலையின் பெயரைச் சொல்லும்.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். ஒரு கம்பெனி ஸ்டோரில், ஏசி அறையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர். வேலையை விட்டபோது கைக்கு வந்த பணத்தில் கிரேன் வாங்கினார். இரண்டே இரண்டு. கிரேன் சீட்டில் ஒரு நாளாவது உட்கார்ந்திருப்பாரா? கிடையாது.

அந்த ஆளின் வண்டி, எனக்கு வாடிக்கையான கம்பெனியின் கேட்டுக்குள் நுழைவதை எதிர்க்கடையில் டீ குடித்தபடி பார்த்தேன். டீயை அப்படியே வைத்துவிட்டு, அங்கே புதிதாக வந்திருந்த பர்ச்சேஸ் அதிகாரியிடம் போனேன்.

"இன்னா சார், நம்ம கேட்ல வேற வண்டி?"

"போன்ல தேடினேங்க. மொதல்ல வந்தவருக்கு அடிச்சேன். உங்க பேரு வரவே இல்லையே."

வீட்டுக்கு வந்து மனைவியைத் தேடச் சொன்னேன். சகலை முதலில் இருந்தார். நான் மூன்றாம் பக்கத்தில், ஒரு பழைய இரும்புக் கடைக்குக் கீழே இருந்தேன். மூன்றாம் பக்கம் வரை எவன் போவான்? அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தண்டலத்தில் வெப்சைட் செய்து தரும் ஒரு பெண் இருக்கிறார். கல்லூரிகளுக்கெல்லாம் செய்கிறவர்; எனக்கும் ஒன்று செய்து கொடுத்தவர். அவரிடம் போய் நின்றேன்.

"நீங்க செஞ்ச வேலைய போட்டோவோட போடுங்க சார். எந்த வண்டி எவ்ளோ எடை தூக்கும், எங்க தூக்குச்சு, ரெண்டு வரி எழுதுங்க. உங்க சகலை அதத்தான் செய்றாரு."

"ரெண்டு வரி எழுதுறவன் பெரியவனா, தூக்குறவன் பெரியவனாம்மா? மேப்புல இங்க சுத்தி நாலு ஊர்லயும் என் பேரு வரணும். அதச் செய்."

"உங்க யார்டு ஒரகடத்துல மட்டும்தான் சார் இருக்கு. இல்லாத எடத்துல இருக்குன்னு போட்டா, மேப்பு நடத்துற கம்பெனிக்காரங்க உங்க பேரையே எடுத்துடுவாங்க. அது அவங்க ரூல்."

ரூலாவது ஒன்றாவது. என் கிரேன் எங்கே வேலைக்கு நிற்கிறதோ அது என் இடம். அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் சொல்வேன். மேப்பில் ஓர் இடத்தைச் சேர்க்க, வாசலில் பெயர்ப்பலகை இருப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். அவ்வளவுதானே? யார்டு வாசலில் தொங்கிய ஃப்ளெக்ஸ் போர்டைக் கழற்றி வண்டியில் போட்டேன். தண்டலத்தில் சம்பந்தி வீட்டு கேட்டில் கட்டி ஒரு வீடியோ. ஸ்ரீபெரும்புதூரில் மருமகனின் கிரில் பட்டறையில் ஒன்று. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் மச்சான் வீட்டு மாடியில் ஒன்று. மத்தியானச் சாப்பாட்டுக்குள் போர்டு பழையபடி யார்டுக்கு வந்துவிட்டது.

சில நாளில் நாலு ஊரிலும் என் பெயர் எழுந்தது. போன் ஓயவில்லை. அந்தச் சமயம் பார்த்து சகலை வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. பந்தியில் உட்கார்ந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போனை நீட்டினேன்.

"பாத்துக்க சகலை. நாலு ஊர்லயும் நான்தான்."

அவர் கை கழுவிவிட்டு வந்து போனை வாங்கினார். ஒவ்வோர் ஊருக்கும் நான் போட்டிருந்த போர்டு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வாழ்த்துக்கள் சகலை. ஆனா நாலு ஊர்லயும் போர்டுல அதே மூலைல காக்கா எச்சம் கீதே. ஒரே காக்காதான் எல்லா ஆபீஸுக்கும் வந்துகினு போவுதா?"

பந்தியே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கொஞ்ச நாளில் எல்லாம் போயிற்று. பொய்யாகப் போட்ட மூன்று இடமும் போனால் பரவாயில்லை, உண்மையான ஒரகடம் யார்டும் மேப்பிலிருந்து மறைந்தது. மூன்றாம் பக்கத்திலும் நான் இல்லை. யார்டில் ஆறு கிரேனும் வரிசையாக நிற்க, ஆபரேட்டர்கள் நிழலில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள்.

"உன் தங்கச்சி புருஷன்தான் போட்டுக் குடுத்துட்டான்" என்று வீட்டில் கத்தினேன்.

"அவரு ஏன் குடுக்கப் போறாரு? உங்க சம்பந்தி வூட்டுக்கு எவனோ வந்து கிரேன் எங்கன்னு சண்டை போட்டானாம். அவன்தான் மேப்புக்காரங்களுக்கு எழுதியிருப்பான். சம்பந்தியம்மா போன் பண்ணி என்னயத் திட்டினு கீறாங்க."

யார்டே படுத்துவிடும் என்று பயந்திருந்தபோது போன் அடித்தது. சகலை.

"சகலை, ஒரு பிரஸ் மெஷின் எறக்கணும். என் வண்டி ரெண்டும் தாங்காது. பெரிய வண்டி உங்க கிட்டதான் கீது. வர்றீங்களா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆபரேட்டர்களைப் பார்த்தேன். போனேன். ஆபரேட்டரை இறக்கிவிட்டு நானே சீட்டில் ஏறினேன். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே கை நுழையாத இடம். ஓர் உரசல் இல்லாமல் இறக்கி வைத்தேன். கீழே ஹெல்மெட்டோடு நின்று சகலை போட்டோ எடுத்தார். அவருக்குத் தெரிந்த வேலை அது.

அடுத்த வாரம் தண்டலத்துப் பெண் கூப்பிட்டார்.

"சார், உங்க சகலையோட வெப்சைட்டுல உங்க படம் இருக்கு. 'கனமான வேலைன்னா என் சகலைகிட்ட போங்க'ன்னு எழுதி, தொட்டா நம்ம வெப்சைட்டுக்கு வர்ற மாதிரி வச்சிருக்காரு. நாலு போர்டு செய்யாதத அது செய்யும் சார். மேப்புல யார்டு மட்டும்னு திரும்ப எழுதிக் கேட்டேன். சேர்த்துட்டாங்க."

போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. ஆறு வண்டியும் வெளியே போகிறது. தினமும் போட்டோ அனுப்பச் சொல்லி ஆபரேட்டர்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறேன். இரண்டு வரியை நான் சொல்ல, மனைவி எழுதுகிறாள். ஆனாலும் என் போனில் தேடினால் சகலைதான் முதலில். அதிலும் அவர் பக்கத்தைத் திறந்தால் மேலே நிற்பது என் படம். என் முகத்தை வைத்து அவர் முதலிடம்! இதைக் கேட்க நேராகத் தண்டலம் போனேன்.

அந்தப் பெண் தன் போனில் தேடிக் காட்டினார். நான் முதலில், சகலை இரண்டாவது. அங்கிருந்தே மனைவியைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னேன்; அவள் போனிலும் அப்படியேதான்.

"அப்போ என்னுதுல மட்டும் ஏம்மா அவன் மேல கீறான்?"

"நீங்க தெனமும் அவர் பக்கத்தையே தொறந்து பாக்குறீங்க போல சார். உங்களுக்கு அவரத்தான் புடிக்கும்னு போன் நெனச்சிருக்கும். ஒரு மாசம் பாக்காம இருங்க, சரியாயிடும்."

சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். வண்டியை எடுப்பதற்கு முன்னால், சகலை இன்றைக்கு என்ன போட்டோ போட்டிருக்கிறார் என்று ஒரே ஒரு தடவை திறந்து பார்த்தேன்.